புள்ளி தொலைந்த நாகர்கோவில்

நிரலை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் எங்கள் மேக்ஃபைலின் மூன்றாவது வரியில் '-டபிள்யூ' என்று ஓர் ஆப்ஷன் எட்டு வருடமாக உட்கார்ந்திருந்தது. சின்ன எழுத்து டபிள்யூ. பெரிய எழுத்து டபிள்யூவில் தொடங்குபவை எச்சரிக்கைகளைக் கேட்டு வாங்கும் ஆப்ஷன்கள். சின்ன எழுத்து அப்படியல்ல, "வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்" என்று, சி நிரலை இயங்கும் கோப்பாக மாற்றித் தரும் ஜிசிசி கம்பைலரிடம் சொல்வது. ஒரு ராத்திரி அவசரத்தில் போட்டவன் நான்தான். காலையில் எடுத்துவிடலாம் என்றுதான் போட்டேன்.

நிரல் பெரிய விஷயமெல்லாம் இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் எடுக்கும் டிப்போக்களுக்கான கணக்கு. காலையில் வெட்டிய பால் கேனில் வரும், எடை போடுவார்கள், மாதிரி எடுத்து அதில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். நூறு கிலோ பால், 33 சதவீதம் என்றால் 33 கிலோ ரப்பருக்குத்தான் காசு. இதை நாள்வாரியாகப் பதிந்து மாதக் கடைசியில் ஏ4 தாளில் பில் அடித்துத் தருகிற வேலை. சி மொழியில் நாலாயிரம் வரி, அடியில் எஸ்க்யூலைட் தரவுத்தளம். ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டிருக்கிறோம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டவை மூன்று டிப்போ.

மூன்றுக்கும் நான்தான் பென் டிரைவோடு பைக்கில் போய்க் கம்பைல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். இடவப்பாதி மழையில் திற்பரப்புச் சாலையில் நனைந்துகொண்டே திரும்பிய ஒரு சாயங்காலம் முடிவெடுத்தேன்: இனி டெபியன் லினக்ஸில் நிறுவுகிற டெப் பேக்கேஜ்தான். கோப்பை அனுப்புவோம், அவர்களே நிறுவிக்கொள்ளட்டும்.

ஒரு சனி, ஞாயிறு போதும் என்று நினைத்தேன். ஆறு வாரம் ஆயிற்று. பேக்கேஜ் போடும் வேலை அதில் கால்வாசிகூட இல்லை.

டெபியனில் பேக்கேஜ் கட்டும்போது கம்பைலர் ஆப்ஷன்கள் வெளியிலிருந்து வரும். ஓ2 என்ற மேம்படுத்தல், பாதுகாப்புக்கான சில ஆப்ஷன்கள், எல்லாவற்றையும் பேக்கேஜ் கட்டும் கருவியான டெப்ஹெல்பர் சூழல் மாறிகளில் வைத்துவிட்டு மேக்கைக் கூப்பிடும். என் மேக்ஃபைல் 'சிஃப்ளாக்ஸ் சமம் -டபிள்யூ' என்று பட்டென்று எழுதி அதையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தது. பேக்கேஜ் கட்டுப்பட்டது, ஆனால் பேக்கேஜைச் சரிபார்க்கும் லின்டியனை ஓடவிட்டதும் பாதுகாப்பு ஆப்ஷன்கள் எதுவும் பைனரியில் (கம்பைல் ஆகி வந்த கோப்பில்) இல்லை என்று குறை சொன்னது. சரி, அந்த வரியில் சமக்குறிக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டேன். வெளியிலிருந்து மதிப்பு வந்தால் அதை எடுத்துக்கொள், வராவிட்டால் மட்டும் என்னுடையது. கூடவே சின்ன டபிள்யூவைக் களைந்துவிட்டு டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா இரண்டையும் சேர்த்தேன்.

187 எச்சரிக்கைகள்.

முனையத்தில் மேலே மேலே ஓடிக்கொண்டே இருந்தது. எண்ணிக்கையைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பது பிறகு தெரிந்தது. பாதிக்கு மேல் ஒரே ஹெடர் கோப்பிலிருந்து வந்தவை. அதற்குள் ஒரு டஜன் ஸ்டாட்டிக் ஃபங்ஷன்களை முழுசாக எழுதி வைத்திருந்தேன். அதை உள்ளே இழுக்கிற ஒவ்வொரு கோப்பிலும் "எழுதியிருக்கிறாய், பயன்படுத்தவில்லை" என்று கம்பைலர் தனித்தனியாகச் சொல்கிறது. ஃபங்ஷன்களைத் தனி சி கோப்புக்கு மாற்றியதும் அந்தக் கூட்டம் கலைந்தது. இன்னொரு பெரிய பங்கு எஸ்க்யூலைட்டின் மூலத்தையே நகலெடுத்து எங்கள் அடைவுக்குள் வைத்திருந்ததால் வந்தது. அடுத்தவர் நிரலில் கை வைக்கக் கூடாது. நகலைத் தூக்கிவிட்டு, டெபியன் தரும் நூலகத்தையே சார்ந்திருக்கும்படி கன்ட்ரோல் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். பேக்கேஜ் விதியும் அதைத்தான் கேட்கிறது.

எஞ்சியவற்றில் ஒன்று எச்சரிக்கையாக நிற்காமல் பிழையாகவே மாறிக் கட்டுமானத்தை நிறுத்தியது. பயனர் தட்டிய குறிப்பை நேராக அச்சிடும் ஃபங்ஷனான பிரின்ட்எஃப்புக்குக் கொடுத்திருந்தேன். டெபியனின் இயல்பு ஆப்ஷன்களில் இதை அனுமதிக்காத ஒன்று உண்டு, சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். பிரின்ட்எஃப்புக்குச் சதவீதக் குறி ஒரு கட்டளை. எங்கள் டிப்போவில் குறிப்பு எழுதுபவர்களோ "33% தான், தண்ணி கலப்பு" என்று எழுதுகிறவர்கள். ரப்பர் பால் கணக்கில் சதவீதக் குறி இல்லாத வரி ஏது? இத்தனை நாள் எதுவும் ஆகாமல் இருந்தது அதிர்ஷ்டம். குறிப்பை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள் என்று சொல்லும் '%எஸ்' சேர்த்து முடித்தேன்.

அடுத்ததற்குத்தான் இந்தப் பதிவின் தலைப்பு.

எங்கள் உறுப்பினர்களில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். தோட்டம் இங்கே, வீடு நாகர்கோவிலில். போன வருடம் சேர்ந்தார். முதல் மாதம் பில் வாங்கியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "மக்கா, எனக்க ஊருக்க புள்ளிய எங்க கொண்டு களைஞ்ச?"

பார்த்தால், 'நாகர்கோவில' என்று இருக்கிறது. கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லை. அதன் பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. அதோடு ஒட்டிக்கொண்டு அடுத்த கட்டத்தில் வர வேண்டிய 'ரொக்கம்'. எழுத்துரு சரியில்லை சார் என்று சமாளித்தேன். வாத்தியார் நம்பவில்லை, ஆனால் விட்டுவிட்டார்.

இப்போது அதே இடத்தைக் கம்பைலர் சுட்டிக்காட்டுகிறது. எழுத்துச் சரத்தை நகலெடுக்கும் ஸ்ட்ர்என்காப்பிக்கு நீ கொடுத்த எல்லையும் இடத்தின் அளவும் ஒன்றாக இருக்கிறது, இரண்டும் 32 என்கிறது. எட்டு வருடம் முன்பு 'ஊர்ப் பெயருக்கு 32 போதாதா' என்று நினைத்து எழுதியது. ஆங்கிலத்தில் எழுதினால் போதும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். உயிர்மெய்யில் மெய் ஒரு குறி, கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. நாகர்கோவிலை விரல் விட்டு எண்ணினேன்: ந, கால், க, ர, புள்ளி, க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி. பதினொன்று. மூன்றால் பெருக்கினால் 33.

ஒரே ஒரு பைட்டில் போயிருக்கிறது. புள்ளி என்பது 224, 175, 141 என்ற மூன்று பைட். முதல் இரண்டு உள்ளே வந்துவிட்டன, 141 வெளியே நின்றுவிட்டது. பாதிப் புள்ளியை எந்த எழுத்துருவும் வரைய முடியாது, அதனால்தான் கறுப்புக் கட்டம். போதாக்குறைக்கு ஸ்ட்ர்என்காப்பி இடம் நிரம்பிவிட்டால் சரத்தின் முடிவைக் குறிக்கும் பூஜ்யத்தைப் போடாது. அச்சடிக்கும்போது முடிவு தெரியாமல் அடுத்த கட்டத்துக்குள் ஓடி ரொக்கத்தையும் சேர்த்து இழுத்து வந்திருக்கிறது.

இத்தனை வருடம் ஏன் தெரியவில்லை? அருமனை 18 பைட். குலசேகரம் 27. திற்பரப்பு 30. எங்கள் உறுப்பினர்களின் ஊர்கள் எல்லாம் 32க்குள் கச்சிதமாக அடங்கிவிட்டன. பேச்சிப்பாறையிலிருந்து ஒருவர் சேர்ந்திருந்தால் (36) அல்லது மார்த்தாண்டத்திலிருந்து (39) அன்றைக்கே மாட்டியிருப்பேன்.

திருத்தத்தில் முதலில் ஒரு சின்னக் கெட்டிக்காரத்தனம் செய்தேன். இடம் போதாவிட்டால் பாதிக் குறியில் வெட்டாமல் முழுக் குறி வரைக்கும் பின்னால் வந்து வெட்டுகிற ஃபங்ஷன். அழகாக வேலை செய்தது. கறுப்புக் கட்டம் போனது, ரொக்கம் தன் இடத்துக்குப் போனது, நாகர்கோவில் மட்டும் 'நாகர்கோவில' என்றே நின்றது. கணினிக்கு அது பிழையற்ற சரம், வாத்தியாருக்கு எழுத்துப் பிழை. வெட்டுவதே தப்பு என்று புரிந்த பிறகு இடத்தை 128 ஆக்கினேன். அதற்கும் மேலே போனால் உள்ளீட்டிலேயே மறுத்துவிடும். (ஓகாரக் குறியைச் சில விசைப்பலகைகள் இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக அனுப்பும். அப்படி வந்தால் நாகர்கோவில் 36 பைட். தேடும்போது இரண்டும் வேறு வேறு ஊராகிவிடும். அது இன்னொரு நாள் வேலை.)

இதைப் போலவே நெடுநாள் எழுத்துருவின் மேல் பழி போட்ட விஷயம் இன்னொன்று. டிப்போவில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி. என் வீட்டில் இன்டெல் மடிக்கணினி. ஒரே நிரல், ஒரே பட்டியல். அங்கே பத்திகள் ஓரளவு நேராக நிற்கும், என் வீட்டில் கோணும். டெபியனின் எழுத்துரு, டிப்போவின் எழுத்துரு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

டபிள்யூ-எக்ஸ்ட்ரா ஒரு வரியில் சொல்லிவிட்டது: இந்த ஒப்பீடு எப்போதும் பொய்தான்.

எழுத்துகளை எண்ணும் இடத்தில் 'பைட் 128க்குக் குறையாமலும் 192க்குக் கீழேயும் இருந்தால் எண்ணாதே' என்று எழுதியிருந்தேன். யூடிஎஃப்-8இல் ஒரு குறியின் முதல் பைட்டைத் தவிர மற்றவை அந்த எல்லைக்குள் வரும். தர்க்கம் சரி. ஆனால் சி மொழியில் ஒரு பைட்டை வைக்கும் வெறும் 'கேர்' வகைக்கு மைனஸ் மதிப்பு உண்டா இல்லையா என்பதை மொழி சொல்வதில்லை, மேடையின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. இன்டெல்லில் ஜிசிசி அதற்கு மைனஸ் உண்டு என்று எடுத்துக்கொள்ளும், மதிப்பு -128இலிருந்து 127 வரைக்கும்தான். தமிழ்க் குறிகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் 224. அது என் மடிக்கணினியில் -32. 128ஐத் தாண்டும் பைட் என்று ஒன்று அங்கே இருக்கவே முடியாது. ராஸ்பெரி பையில் இருக்கும் ஆர்ம் சில்லுக்கு லினக்ஸில் கேர் மைனஸ் இல்லாதது, அதனால் அங்கே சரியாக ஓடியது. வகையை மைனஸ் இல்லாத 'அன்சைன்டு கேர்' என்று மாற்றியதும் இரண்டு இடத்திலும் ஒரே பட்டியல். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கிறவருக்கு இந்தப் பிழை ஆயுள் முழுக்கத் தட்டுப்படாது. 127க்கு மேல் அவர் போகவே மாட்டாரே.

இப்படி நாலைந்து எச்சரிக்கை சரிசெய்ததும் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது. மிதப்பில்தான் தப்பு நடந்தது.

மாதச் சராசரி போடும் லூப்பில் சதவீதத்துக்கு ஒரு மாறி. அன்றைக்குப் பால் வந்திருந்தால் மட்டும் அதில் மதிப்பு ஏறும். "மதிப்பு ஏறாமலே பயன்படுத்தப்படலாம்" என்று எச்சரிக்கை. ராத்திரி பதினொன்றரை மணி. அறிவிக்கும் இடத்திலேயே 'சமம் பூஜ்யம்' என்று எழுதினேன். எச்சரிக்கை மறைந்தது. அடுத்ததற்குப் போய்விட்டேன்.

புதிய பேக்கேஜை முதலில் ஒரே டிப்போவில் நிறுவினோம். ஜூன் பில் அடித்த அன்று அங்கிருந்து டிப்போக்கார அண்ணன் கூப்பிட்டார். "லே, எல்லாவனுக்கும் பெர்சன்டு 23ன்னு காட்டுது. 33 வராண்டாமா?"

பழைய பைனரியை எடுத்து ஓட்டிப் பார்த்தேன், 33 என்றது. புதியது 23. அரை மணி நேரம் திகைத்தேன். ஜூனில் ஒன்பது நாள் பால்வெட்டு இல்லை, மழை. அந்த ஒன்பது நாளும் என் பூஜ்யம் சராசரிக்குள் போயிருக்கிறது. 21 நாள் 33 வீதம் கூட்டி முப்பதால் வகுத்தால் 23.1. நல்லவேளை, காசு நாள்வாரிக் கணக்கில் போகிறது, சராசரி பில்லின் அடியில் தகவலுக்கு மட்டும். இல்லாவிட்டால் அந்த ஊருக்குள் நான் போயிருக்க முடியாது.

அப்படியானால் பழையது எப்படிச் சரியாகக் காட்டியது? அதுவும் சரியில்லை. மேம்படுத்தல் இல்லாமல் கம்பைல் ஆகிக்கொண்டிருந்ததால் அந்த மாறி நினைவக அடுக்கில் ஒரே இடத்தில் இருந்து, முந்தைய சுற்றின் மதிப்பையே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மழை நாளுக்கு நேற்றைய சதவீதம். சராசரி 33க்குப் பக்கத்திலேயே நின்றது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கம்பைலர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் அதற்குப் பதில் சொல்லாமல் வாயை மட்டும் அடைத்தேன், சின்ன டபிள்யூவை இன்னொரு வடிவத்தில் போட்டதுபோல.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கேட்டது: "பாலு இல்லாத்த நாளைக்கு பெர்சன்டு எங்கேந்து மக்கா வரும்?" அதேதான். சராசரியை நாளால் வகுப்பதே அர்த்தமில்லாதது. மாதம் முழுக்க வந்த உலர் ரப்பர் கிலோவை மொத்தப் பால் கிலோவால் வகுக்க வேண்டும். அப்படி எழுதியதும் அந்த மாறியே தேவைப்படவில்லை.

இதில் நான் தனி ஆள் இல்லை என்பது ஒரு ஆறுதல். டெபியனிலேயே 2006இல் குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில், மதிப்பு ஏறாத நினைவகத்தைப் படிக்கிறது என்று வால்கிரைண்ட் கருவி சொன்ன எச்சரிக்கையை நிறுத்துவதற்காக இரண்டு வரிகளை எடுத்துவிட்டார்கள். தற்செயல் எண்ணுக்கு விதை சேர்க்கும் வரிகள் அவை. எடுத்த பிறகு எஞ்சிய தற்செயல், ஓடும் நிரலுக்கு லினக்ஸ் கொடுக்கும் செயல்முறை எண் மட்டும். ஏறத்தாழ 32 ஆயிரம் சாத்தியங்கள், ஒரு மடிக்கணினி உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். 2008 மே மாதம் வெளியே தெரியும்வரை அந்தப் பதிப்புகளில் உருவான சாவிகளை எல்லாம் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. எஸ்க்யூலைட்காரர்களும் தங்கள் சோதனை ஆவணத்தில், எச்சரிக்கை இல்லாமல் கம்பைல் ஆக்குவதற்காகச் செய்த மாற்றங்களால் நுழைந்த பிழைகள், நிரலை ஓட்டாமலே ஆராயும் நிலைப் பகுப்பாய்வு கண்டுபிடித்த பிழைகளைவிட அதிகம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதை 23 சதவீதத்துக்குப் பிறகுதான் படித்தேன்.

அதன்பின் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு கமிட்டில், அதாவது ஒரு தடவை பதிகிற மாற்றத்தில், ஒரு வகை எச்சரிக்கை மட்டும். திருத்துவதற்கு முன் பழைய பைனரியில் மூன்று மாத பில், திருத்திய பின் மூன்று மாத பில், இரண்டுக்கும் வேறுபாடு காட்டும் டிஃப். வேறுபாடு வந்தால் அதற்குக் காரணம் எழுதாமல் கமிட் இல்லை. மெதுவான வேலை, ஆனால் ராத்திரி பதினொன்றரைக்கு நான் எடுக்கும் முடிவுகளைவிட டிஃப் நம்பகமானது.

ஒரு எச்சரிக்கை மட்டும் சிரிக்க வைத்தது. சரக்கு வகை பார்த்துக் கணக்கைப் பிரிக்கும் ஸ்விட்ச்சில் ரப்பர் ஷீட்டுக்கும் ஒட்டுப்பாலுக்கும் கடைசிக் கணக்கு ஒன்றுதான் என்பதால் பிரேக் போடாமல் கீழே உள்ள பிரிவுக்குள் விழ விட்டிருந்தேன். வேண்டுமென்றே விட்டது என்பதற்காக 'கீழே தொடரட்டும்' என்று கமென்டும் எழுதியிருந்தேன். ஜிசிசி 7இலிருந்து இப்படி விழுவதை எச்சரிக்கிறது, ஆனால் விழட்டும் என்ற பொருளில் கமென்ட் இருந்தால் படித்துப் புரிந்துகொண்டு விட்டுவிடும். ஆங்கிலத்தில் இருந்தால்தான். நம் 'தொடரட்டும்' அதற்குப் பிடிபடவில்லை. கமென்டை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே அதற்கான ஆட்ரிபியூட்டைச் சேர்த்தேன்.

இனி பேக்கேஜ். நிறுவும் கட்டளையான மேக் இன்ஸ்டால் நேராக யூஎஸ்ஆர்-லோக்கலுக்குள் எழுதப் போய், அனுமதி இல்லை என்று நின்றது. டெஸ்ட்டிர் என்ற மாறியை எல்லாப் பாதைக்கும் முன்னால் சேர்க்க வேண்டும். பேக்கேஜ் கட்டும்போது கோப்புகள் உண்மையான இடத்துக்குப் போகாமல் அடைவுக்குள் ஒரு பொம்மை வீட்டுக்குப் போகும். நிறுவும் இடத்தைச் சொல்லும் பிரிஃபிக்ஸும் வெளியிலிருந்து வர வேண்டும், லோக்கலுக்குள் பேக்கேஜ் கோப்பு வைப்பதை டெப்ஹெல்பர் ஒப்புக்கொள்ளாது. மாற்றங்களைப் பதியும் சேஞ்ச்லாக் கோப்பில் கையெழுத்து வரியில் மின்னஞ்சலுக்கும் தேதிக்கும் நடுவே சரியாக இரண்டு இடைவெளி. நான் ஒன்று விட்டேன், அதற்கு ஒரு மணி நேரம். கையால் எழுதாதீர்கள், டிசிஎச் கட்டளை பார்த்துக்கொள்ளும்.

கட்டிய பேக்கேஜை டெபியன் 11 ஓடும் இன்னொரு டிப்போ மடிக்கணினிக்கு அனுப்பினேன். நிறுவ மறுத்தது: லிப்சி6 (சி நிரல்கள் சார்ந்திருக்கும் ஜிலிப்சி நூலகத்தின் பேக்கேஜ்) குறைந்தது 2.34 வேண்டும், இங்கே 2.31தான். நான் கட்டியது டெபியன் 12இல், அங்கே 2.36. ஜிலிப்சி 2.34இல் நிரல் தொடங்கும் இடத்தின் குறியீட்டுக்கே புதிய பதிப்பு எண் கொடுத்துவிட்டார்கள், அதனால் புதியதில் கட்டிய எந்தச் சின்ன நிரலும் பழையதில் ஓடாது. நிரலில் மாற்ற ஒன்றுமில்லை. டிபூட்ஸ்ட்ராப் கருவியால் டெபியன் 11 அடைவு ஒன்று உருவாக்கி அதற்குள் போய்க் கட்டினேன். பழையதில் கட்டினால் புதியதிலும் ஓடும்.

டெபியன் 13 வைத்திருந்த நண்பர் ஒருவர் மூலத்தை எடுத்துக் கட்டிப் பார்த்து, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தோல்வியை அனுப்பினார். ஹெடரைச் சேர்க்காமல் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தேன். என் ஜிசிசி 12க்கு அது வெறும் எச்சரிக்கை. 187இல் 'பிறகு பார்க்கலாம்' என்று ஒதுக்கிய ஒன்று. ஜிசிசி 14இல் அது பிழை. ஒரே ஒரு இன்க்ளூட் வரி. இதே காரணத்துக்காகத்தான் எச்சரிக்கைகளை எல்லாம் பிழையாக்கும் டபிள்யூ-எர்ரரை வெளியிடும் மேக்ஃபைலில் வைக்கவில்லை. என் கணினியில் மட்டும் போட்டு ஓட்டுகிறேன். அடுத்த வருடத்துக் கம்பைலர் என்ன புதிதாகச் சொல்லும் என்று இன்றைக்குத் தெரியாது, அதற்காக ஊரில் யாருக்கோ கட்டுமானம் நிற்க வேண்டாம்.

லின்டியன் கடைசியாகக் கேட்டது கையேட்டுப் பக்கம். தமிழிலேயே எழுதினேன். அண்ணனுக்கு அச்செடுத்துக் கொடுத்தேன், எடை மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்.

இப்போது எச்சரிக்கை எண்ணிக்கை நாலு. நாலும் தேதி அச்சிடும் இடத்தில், இடம் போதாமல் வெட்டுப்படலாம் என்கிறவை. வருடத்துக்கு நாலு இலக்கத்துக்கு மேல் வராது என்று எனக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. அடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

1.3-1 பதிப்பு மூன்று டிப்போவிலும் ஓடுகிறது. வாத்தியார் போன மாதப் பில்லை வாங்கி ஊர்ப் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். புள்ளி இருந்தது. பிறகு தாளைத் திருப்பிக் கீழே பார்த்துவிட்டு, "ரொக்கம்ங்கிறத வெட்டிட்டு வங்கின்னு போடு மக்கா, ஆறு மாசமா வங்கியிலதானே வருது" என்றார்.